ப்ளூடூத் கரகரப்பு: பழி ஸ்பீக்கர் மேல், கோளாறு டிஸ்க் கேபிளில்

கையகல கம்ப்யூட்டரிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் பாட்டு போனால் கரகரவென்று உடைந்தது. இயர்போன் ஜாக்கில் சுத்தமாகக் கேட்டது. பஃபரை (பாட்டு தடைபடாமலிருக்க முன்கூட்டியே சேர்த்து வைக்கும் அளவை) கூட்டினேன், பவர் அடாப்டரை மாற்றினேன். ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பும் எஸ்பிசி முறையில், தரத்தைத் தீர்மானிக்கும் பிட்பூல் எண்ணை 53லிருந்து 35க்கு இறக்கியதும் கரகரப்பு கொஞ்சம் அடங்கியது. அதனால் கோளாறு ஸ்பீக்கர் பக்கம்தான் என்று நம்பியே மூன்று நாள் வீண்.

பாட்டு இருந்தது மெமரி கார்டில். ஆனாலும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஃபைல் காப்பி ஓடும்போது மட்டும்தான் உடைசல்! யூஎஸ்பி 3.0 கேபிள் கசியவிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழும். ப்ளூடூத் ஓடுவதும் அங்கேதான். சோதனைக்கு டிஸ்கை யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றினேன், கரகரப்பு நின்றது, காப்பி வேகமும் படுத்தது. கடைசியில் டிஸ்கை 3.0 போர்ட்டிலேயே விட்டு, தனியாக ஒரு ப்ளூடூத் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் குட்டி ப்ளூடூத் கருவி) ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வைத்தேன். கம்ப்யூட்டர் போர்டிலேயே உள்ள ப்ளூடூத்தை அணைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஸ்பீக்கர் பழையதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.