‘உங்களுக்கு அது எப்படித் தெரியும்?’: உள்ளூர் ஆய்வை ஒலி நேர்காணலாக்கும் வழி

உள்ளூர் ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டுசெல்ல நினைத்து மைக்கும் கையுமாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் துறைத் தலைவரின் அறைக்குத்தான் போகிறார்கள். களத்தில் இறங்கிய ஆய்வு மாணவரைத் தேடிப் போங்கள் என்பேன். தலைவருக்கு முடிவுகள் தெரியும். எந்தக் கிணற்றடியில் தண்ணீர் தர மறுத்தார்கள், எந்த மாதிரியின் அளவு மற்றவற்றோடு ஒத்துப்போகாததால் மறுபடியும் போய் எடுக்க வேண்டிவந்தது, எந்தக் கருவி வெயிலில் தடுமாறியது என்பதெல்லாம் மாணவருக்குத்தான் தெரியும். ஓர் ஆய்வை நம்பலாமா, எவ்வளவு நம்பலாம் என்பதைக் கேட்பவர் அந்த விவரங்களிலிருந்துதான் முடிவு செய்கிறார். மாணவரின் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். மாணவரின் பட்டம் அவர் கையில் இருக்கிறது. நம் ஆர்வத்தால் மாணவருக்குச் சங்கடம் வரக் கூடாது.

ஆய்வைக் கண்டுபிடிப்பது நினைப்பதைவிட எளிது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் உங்கள் ஆற்றின் பெயரையோ ஏரியின் பெயரையோ மாவட்டத்தின் பெயரையோ எழுத்துகளை மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். பல்கலைக்கழக நூலகங்களின் ஆய்வேட்டுத் தொகுப்பில் யாரும் புரட்டாத ஆய்வேடுகள் கிடக்கும். பல பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியாரும் போகலாம். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால், அந்த ஆய்வில் மற்ற ஆய்வாளர்களுக்கு உறுத்துகிற இடம் எது என்று தெரிந்துவிடும். அந்த உறுத்தல்தான் உங்கள் நேர்காணலின் நடுப்பகுதி.

கட்டுரையைப் படிக்காமல் போகாதீர்கள். முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சுருக்கத்தைப் படித்தபின் நேராக ‘ஆய்வு முறை’ பகுதிக்குப் போங்கள். எத்தனை மாதிரிகள், எங்கிருந்து, எந்தப் பருவத்தில், எதோடு ஒப்பிட்டார்கள்? பிறகு கடைசியில் வரும் ‘வரம்புகள்’, நிதி அளித்தவர், நலன் முரண் (முடிவால் ஆய்வாளருக்குச் சொந்த ஆதாயம் உண்டா என்பது) ஆகிய சிறிய பத்திகள். நேர்காணல்களில் ஒலிக்காமலே போவது பெரும்பாலும் இவைதான்.

கட்டுரை சக ஆய்வாளர்களின் பரிசீலனையைக் கடந்ததா, அதற்கு முன்பே இணையத்தில் ஏற்றப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் தளத்தில் இப்படி ஏற்றிவருகிறார்கள். உயிரியலுக்கு பயோஆர்க்கைவ் 2013இலும் மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவ் 2019இலும் வந்தன. பரிசீலனை முடியாத ஆய்வைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014இல் குடிநீர் ஆதாரத்தை மாற்றியபின் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் செய்தியாளர்கள் முன் வெளியிட்டார். ஆய்விதழ்க் கட்டுரை வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். சில நாட்களிலேயே தங்கள் கணக்கும் அதையே காட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் நகரம் பழைய நீர் ஆதாரத்துக்குத் திரும்பியது. ஆகவே பேசுங்கள், ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பதிவின் முதல் சில நிமிடங்களுக்குள் சொல்லிவிடுங்கள்.

முன்கூட்டியே ஒரு தொலைபேசிப் பேச்சு அவசியம். பதினைந்து நிமிடம் போதும். எதைப் பற்றிப் பேசப் போகிறோம், எவ்வளவு நேரம், எங்கே வெளியாகும், யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். கேள்விப் பட்டியலைக் கேட்பார்கள். தலைப்புகளை மட்டும் அனுப்புங்கள். முழுக் கேள்விகளையும் அனுப்பினால் பதில்களை எழுதிவைத்துப் படிப்பார்கள். படிக்கிற குரல் சில விநாடிகளிலேயே கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரே விதிவிலக்கு எண்கள். ‘இன்னின்ன எண்களைக் கேட்பேன், கையில் வைத்திருங்கள்’ என்று சொல்வதில் தவறில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கைபேசியும் அதில் செருகும் காலர் மைக்கும் தொடங்கப் போதுமானவை. மைக் எங்கே இருக்கிறது என்பது மைக்கின் விலையைவிட முக்கியம். வாயிலிருந்து ஒரு சாணுக்குள், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ‘ப’ வரும்போது காற்று மைக்கில் அறையாது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டே பேசுங்கள். பதிவுச் செயலியின் அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று தேர்ந்தெடுங்கள். குரல் உரக்கும்போது செயலியின் ஒலியளவு காட்டி −12 டெசிபலைச் சுற்றி நின்றால் போதும். ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 மெகாபைட் ஆகும், கைபேசியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் இடத்தைப் பொறுத்தவரை, வெறும் சுவர்கள் கொண்ட கருத்தரங்க அறையைவிடப் புத்தகங்கள் நிறைந்த சிறிய அறை நல்லது. மின்விசிறியை நிறுத்தலாம். ஆனால் ஆய்வகத்தில் இரைகிற உறைபெட்டியை (ஃப்ரீசரை) ஒருபோதும் நிறுத்தச் சொல்லாதீர்கள். −80 டிகிரியில் பல ஆண்டு உழைப்பு அதற்குள் இருக்கும். நீங்கள்தான் வேறு அறைக்கு நகர வேண்டும். எழுந்து வருவதற்கு முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களை மூட அது உதவும்.

முடிந்தால் களத்திலேயே ஒரு பகுதியைப் பதியுங்கள். அளவு மிஞ்சினால் பற்களையும் எலும்புகளையும் கெடுக்கும் ஃபுளூரைடை நிலத்தடி நீரில் அளக்கும் ஓர் ஆய்வாளரோடு ஆழ்துளைக் கிணற்றடியில் நின்றேன். பம்பைப் போட்டுவிட்டு அவர் சும்மா நின்றார். “ஏன் காத்திருக்கிறீர்கள்?” என்றேன். குழாயில் தேங்கிக் கிடந்த பழைய நீர் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் நிலத்துக்கடியில் இருக்கும் நீரை அளந்ததாகாது என்றார். பிறகு புட்டியை அதே நீரால் அலசிக் கொட்டினார், மறுபடியும் அலசினார், அதன்பின்தான் நிரப்பினார். “கண்ணாடிப் புட்டி இல்லையா?” என்று கேட்டேன். ஃபுளூரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும், அதனால் பிளாஸ்டிக் என்றார். ஓடுகிற பம்பு, புட்டியைக் குலுக்கும் ஓசை, என்னுடைய எளிய கேள்விகள், அவருடைய சுருக்கமான பதில்கள். ஓர் அளவு எவ்வளவு கவனத்தோடு எடுக்கப்படுகிறது என்பதை எந்த அறிமுக உரையாலும் இப்படிச் சொல்லிவிட முடியாது.

நான் எல்லா நேர்காணல்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “உங்களுக்கு அது எப்படித் தெரியும்?” சந்தேகத் தொனி இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்க வேண்டும். ‘நீரில் ஃபுளூரைடு கூடியதற்குப் பாறைதான் காரணம்’ என்று ஆய்வாளர் சொன்னால், அங்கேயே நிற்க வேண்டும். எப்படித் தெரியும்? தொழிற்சாலைக் கழிவாக இருக்கக் கூடாதா? உரமாக இருக்கக் கூடாதா? அவற்றை எப்படி விலக்கினீர்கள்? அவர் தன் எண்ணத்தைத் தானே எதிர்த்து வாதாடிய கதை அப்போது வெளியே வரும். அறிவியலின் உயிர் அந்த வாதத்தில் இருக்கிறது. அது ஒலிக்காத பதிவில் மிஞ்சுவது ஓர் அறிவிப்பு மட்டுமே. இதற்குத் துணையாக மேலும் சில கேள்விகள்: எந்த முடிவு வந்திருந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்? உங்களோடு உடன்படாத ஆய்வாளர் என்ன சொல்வார்? இன்னும் ஓராண்டு கிடைத்தால் எதை அளப்பீர்கள்?

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் முடிந்ததுபோல் தோன்றும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். முன்பே பழகிவைத்த பதில் முடிந்தபின் வரும் இரண்டாவது பதில்தான் பெரும்பாலும் நல்ல பதில். ‘ம்ம்’, ‘ஆமாம் ஆமாம்’ என்று குரல் கொடுக்காமல் தலையசைத்தால் போதும். உங்கள் ‘ம்ம்’ அவர் வாக்கியத்தின் மேல் ஏறினால் பிறகு பிரிக்க முடியாது.

எண்களில் நிதானம் வேண்டும். குடிநீரில் ஃபுளூரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். காதால் கேட்பவருக்கு இது பிடிபடாது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒன்றரை கிராம் என்றால் பிடிபடும். அந்த மாற்றத்தை ஆய்வாளரையே செய்யச் சொல்லுங்கள். சராசரி வந்தால் உடனே விரித்துக் கேளுங்கள். பத்துக் கிணறுகளில் ஏழில் 0.4, மூன்றில் 3.0 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1.18. வழிகாட்டு அளவுக்குள் இருப்பதுபோல் தெரியும். ஆனால் அந்த மூன்று கிணற்றுக்காரர்கள் இரு மடங்கு அளவைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘ஆபத்து இரு மடங்கு’ என்று ஓர் ஆய்வாளர் சொன்னால், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். பத்தாயிரம் பேரில் ஒருவர் இருவர் ஆவதும் இரு மடங்குதான், நூறு பேரில் இருபது பேர் நாற்பது பேர் ஆவதும் இரு மடங்குதான்.

கேட்பவர் அடுத்து என்ன செய்வார் என்பதையும் யோசித்துக் கேளுங்கள். நீரைப் பற்றிப் பேசினால் ‘காய்ச்சிக் குடிக்கலாமா?’ என்று யாராவது நிச்சயம் நினைப்பார்கள். காய்ச்சினால் கிருமிகள் சாகும், ஃபுளூரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டால், நல்ல நேர்காணலைக் கேட்ட ஒரு தாய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்.

பதிவைச் செதுக்கும்போது நான் விடாப்பிடியாக இருக்கும் ஓர் இடம் உண்டு. ‘அது எனக்குத் தெரியாது’, ‘அதை உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பவற்றையும் அவற்றுக்கு முன்னால் வரும் தயக்கத்தையும் வெட்டக் கூடாது. இருமல், தொடங்கிவிட்டு நின்ற வாக்கியங்கள், ஒரே செய்தியின் மூன்றாவது விளக்கம் இவற்றை வெட்டுங்கள். அச்சில் தயக்கம் தெரியாது, ஒலியில் தெரியும். ஆய்வாளர் எதை அழுத்திச் சொல்கிறார், எதில் மெல்ல அடி வைக்கிறார் என்று குரலே காட்டிக்கொடுக்கிறது. அதை இழைத்துச் சீராக்கிவிட்டால் ஒலியைத் தேர்ந்தெடுத்ததற்கே பொருள் இல்லை. கேள்வி ஒன்றுக்குச் சொன்ன பதிலை வேறு கேள்விக்குப் பின் ஒட்டுவதும் கூடாது. வெட்டுவதற்கு ஆடாசிட்டி மென்பொருள் போதும். 2000 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இறுதி ஒலியளவை ஸ்டீரியோ என்றால் −16, ஒற்றைத் தடம் என்றால் −19 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) அளவில் வைப்பது பாட்காஸ்ட்காரர்களின் வழக்கம். பேச்சுக்கு 64 கிலோபிட் எம்பி3 போதும். இருபது நிமிடப் பதிவு பத்து மெகாபைட்டுக்குள் அடங்கும். குறைந்த டேட்டா உள்ளவரும் கேட்க வேண்டும் அல்லவா?

வெளியிடுவதற்கு முன் ஆய்வாளருக்குக் கேட்கக் கொடுங்கள். ஆனால் வரையறையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: தகவல் பிழை இருந்தால் திருத்துவோம், ‘இதைக் கொஞ்சம் மென்மையாக்குங்கள்’ என்பதைப் பரிசீலிப்போம், முடிவு எங்களுடையது. நெறியாளரோ நிறுவனமோ முழுப் பதிவையும் தணிக்கை செய்ய வேண்டும் என்று கேட்டால், அந்த நேர்காணலை விட்டுவிடுவதே நல்லது.

அனுமதியைப் பதிவிலேயே வாங்குங்கள்; பெயர், நாள், எங்கே வெளியாகும் என்பதோடு. ஆய்வாளர் மட்டும் சம்மதித்தால் போதாது என்பதை மறந்துவிடாதீர்கள். மாதிரி தந்த வீட்டுக்காரர் தன் கிணறு ஊரறியப் பேசப்படச் சம்மதித்திருக்க மாட்டார். அவருடைய தெருவோ வீட்டை அடையாளம் காட்டும் குறிப்போ வேண்டாம். முடிவை அவரிடம் நேரில் சொல்லியாகிவிட்டதா என்று ஆய்வாளரைக் கேட்டுவிட்டு வெளியிடுங்கள். அரிய பறவையின் கூடு, அரிய ஆர்க்கிட் செடி வளரும் பாறை போன்றவற்றின் இடத்தையும் சொல்லக் கூடாது. எடுத்துப் போக வருகிறவர்களும் நம் பதிவைக் கேட்பார்கள்.

பதிவோடு எழுத்துவடிவத்தையும் வையுங்கள். காது கேளாதவருக்கு அதுதான் நேர்காணல். தேடுகிறவருக்கும் எழுத்துதான் அகப்படும். மூலக் கட்டுரையின் இணைப்பைத் தாருங்கள். பெயர் குறிப்பிட்டால் எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டால், சமுதாய வானொலிகளும் பள்ளி ஆசிரியர்களும் தயங்காமல் எடுத்துக்கொள்வார்கள். கோப்புகளைக் காத்துவைக்கும் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பிரதி போட்டு வையுங்கள். உங்கள் தளம் நின்றுபோனாலும் பதிவு நிற்கும். பதிவு வெளியானதும் அதை முதலில் மாதிரி எடுத்த ஊருக்கே அனுப்புங்கள். அங்கிருந்து வரும் கேள்விகளைக் குரல்பதிவாகவே வாங்கி, ஆய்வாளரிடம் திரும்பப் போய் அடுத்த நேர்காணலைத் தொடங்குங்கள். கட்டுரை வாசகர்களும் பரிசீலனையாளர்களும் கேட்காத கேள்விகள் அங்கிருந்து வரும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய பதிவுகளின் கட்டுரைகளைத் தேடிப் பாருங்கள். ஏதாவது திருத்தப்பட்டிருந்தாலோ திரும்பப் பெறப்பட்டிருந்தாலோ, பதிவின் கீழே உள்ள குறிப்பில் எழுதுவதோடு விடாமல், பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் அதைச் சேருங்கள். பழைய கோப்பைத் தரவிறக்கி வைத்திருப்பவர்களுக்காக அடுத்து வெளிவரும் பதிவிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.