ஒரு சிஸ்டம் காலைப் பிடித்துக்கொண்டு கெர்னலுக்குள் போவது எப்படி?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலின் சோர்ஸ் கோட் படிக்கலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நேராக லினக்ஸைத் திறக்கிறார்கள். அதில் மூன்று கோடி வரிகளுக்கு மேல் இருக்கின்றன, பெரும்பகுதி டிரைவர்கள். எங்கே கைவைப்பது என்று தெரியாமல் ஒரு வாரத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் அதனால்தான் லினக்ஸை முதலில் தொடுவதில்லை. எபேனில் வேலை முடித்து மெட்ரோ ஏறி வருகிறவர்கள், தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்துப் படித்த உள்ளூர்ப் பிள்ளைகள் என்று எல்லோரும் இருப்பார்கள். பேச்சில் பாதி கிரியோல், குறிப்பெல்லாம் தமிழ். எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: கோப்பு கோப்பாகப் படிக்க வேண்டாம். ஒரே ஒரு சிஸ்டம் காலை, அதாவது ஒரு புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை, பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டு வெளியே வாருங்கள். சி மொழியில் பாயின்டரும் ஸ்ட்ரக்ட்டும் தெரிந்தால் போதும்.

எதைப் படிப்பது?

எக்ஸ்வி6. யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975-இல் வந்தது. அதன் அமைப்பைப் பின்பற்றி 2006-இல் எம்ஐடியில் பாடத்துக்காக எழுதிய சின்ன கெர்னல் இது. அந்த ஆறாம் பதிப்பின் கோடை ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் 1970-களிலேயே மாணவர்களோடு உட்கார்ந்து படித்திருக்கிறார். நாங்கள் செய்வதும் அந்த வழியில்தான். இப்போது ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸருக்கான பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்னல் பகுதி பத்தாயிரம் வரிக்குள் அடங்கிவிடும்.

படி 1: ஓடவைப்பது

உபுன்டுவில் கிட், பில்ட்-எசென்ஷியல், ரிஸ்க்-ஃபைவுக்கான ஜிசிசி கம்பைலர், ரிஸ்க்-ஃபைவ் கணினியைப் போல நடிக்கும் கியூஎமு, பிழை தேட உதவும் ஜிடிபி-மல்டிஆர்ச் ஐந்தையும் நிறுவுங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு டபிள்யூஎஸ்எல் போதும். எக்ஸ்வி6 கோடை இறக்கி, அந்த ஃபோல்டரில் நின்று மேக் கியூஎமு கொடுங்கள். கெர்னல் பூட் ஆகிறது என்ற வரி வரும், கடைசியில் ஒரு டாலர் குறி வந்து நிற்கும். எல்எஸ் அடித்துப் பாருங்கள். வெளியேற கன்ட்ரோல்-ஏ அழுத்தி, விட்டு, எக்ஸ்.

படி 2: நம் புரோகிராம்

யூசர் ஃபோல்டரில் யார்.சி என்று ஒரு கோப்பு உருவாக்குங்கள். பெயரை ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள். மெயின் ஃபங்ஷனில் இரண்டே வேலை: கெட்பிட் தரும் எண்ணை (ஓடும் புரோகிராமின், அதாவது ப்ராசஸின், அடையாள எண்) பிரின்ட்எஃப் செய்வது, அப்புறம் எக்ஸிட். மேக்ஃபைலில் யூப்ராக்ஸ் பட்டியலில் மற்றவை இருக்கிற மாதிரியே இதையும் அடிக்கோட்டுடன் சேருங்கள். மறுபடி ஓடவிட்டு, டாலர் குறி வந்ததும் முதல் கட்டளையாக யார் என்று அடித்தால் 3 வரும். முதலில் தொடங்கும் இனிட் 1, கட்டளை வாங்கும் ஷெல் 2, நம்முடையது 3. திரும்ப அடித்தால் 4.

அந்த 3 எங்கிருந்து வந்தது என்பதுதான் மாலை முழுவதற்கும் கேள்வி.

படி 3: வாசல் வரை

யூசர் ஃபோல்டரில் யூசிஸ்.எஸ் கோப்பைத் திறங்கள். மேக் ஓடிய பிறகுதான் அது தோன்றும், ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் அதை எழுதுகிறது. கெட்பிட் என்ற லேபிளுக்குக் கீழே மூன்றே வரி: ஏ7 ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் உள்ள சின்ன சேமிப்பிடம்) எண்ணைப் போடு, ஈகால் (கெர்னலுக்குள் தாவும் கட்டளை) செய், திரும்பு. எந்த எண் என்பது கெர்னல் ஃபோல்டரில் சிஸ்கால்.ஹெச்-இல் இருக்கிறது: கெட்பிட்டுக்கு 11.

ஏன் எண்? ஃபங்ஷனின் முகவரியையே கொடுத்தால் என்ன என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள், நல்ல கேள்வி. யூசர் புரோகிராம் தரும் முகவரிக்குக் கெர்னல் தாவ ஆரம்பித்தால், யார் வேண்டுமானாலும் கெர்னலை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம். எண் என்றால் அது பட்டியலுக்குள் இருக்கிறதா என்று சோதித்துவிட முடியும்.

படி 4: உள்ளே

இங்கே அவசரப்படாதீர்கள். டிராம்போலின்.எஸ், டிராப்.சி, சிஸ்கால்.சி, சிஸ்ப்ராக்.சி நான்கையும் அச்சடித்து, கையில் பேனாவோடு படிப்பது நல்லது. கிளாஸ் 3 புயல் எச்சரிக்கை வந்து வகுப்பு நின்றுபோகும் நாட்களில், கரண்ட் போனாலும் காகிதம் கையில் இருக்கும்.

ஈகால் நடந்ததும் ப்ராசஸர் கெர்னலுக்கான சூப்பர்வைசர் மோடுக்கு மாறி, டிராம்போலினில் உள்ள யூசர்வெக்குக்குத் தாவுகிறது. அது யூசர் ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் டிராப்ஃபிரேம் என்ற பக்கத்தில் சேமிக்கிறது. நாம் ஏ7-இல் போட்ட 11-உம் இப்போது அங்கேதான். பிறகு கெர்னலின் பேஜ் டேபிளுக்கு (நினைவக முகவரிகளின் அட்டவணை) மாறி, டிராப்.சி-யில் உள்ள யூசர்டிராப்புக்குப் போகிறது.

யூசர்டிராப்பில் எஸ்காஸ் (கெர்னலுக்குள் வந்த காரணத்தின் எண்) 8-ஆ என்று பார்க்கும் வரியைத் தேடுங்கள். 8 என்றால் சிஸ்டம் கால். அதற்குள்ளேயே, டிராப்ஃபிரேமின் ஈபிசியுடன் 4 கூட்டும் வரி ஒன்று இருக்கிறது. பலர் இதைக் கண்ணால் தாண்டிவிடுவார்கள், நீங்கள் நில்லுங்கள். ஈபிசியில் இருப்பது ஈகால் கட்டளையின் முகவரி. அந்தக் கட்டளையின் நீளம் 4 பைட். கூட்டாமல் திரும்பினால் புரோகிராம் மறுபடி அதே ஈகாலில் வந்து விழும், மறுபடி கெர்னல், மறுபடி ஈகால்.

சும்மா நம்ப வேண்டாம். அந்த வரியைக் கமென்ட் ஆக்கி ஓடவிடுங்கள். இனிட் தன் முதல் சிஸ்டம் காலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஷெல்லைத் தொடங்குகிறேன் என்ற வரி வரவே வராது. ஒரு வரியை எடுத்துவிட்டு என்ன உடைகிறது என்று பார்க்கிற மாதிரி தெளிவு தரும் பயிற்சி வேறு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். பார்த்ததும் வரியைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

படி 5: பதில்

சிஸ்கால்.சி-யில் சிஸ்கால் ஃபங்ஷன் ஏ7-ஐ எடுத்து, எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, ஃபங்ஷன் பாயின்டர் வரிசையில் 11-ஆம் இடத்தை அழைக்கிறது. அங்கே சிஸ்_கெட்பிட். அது சிஸ்ப்ராக்.சி-யில் ஒரே வரி: மைப்ராக் தரும் ப்ராசஸின் பிட்டைத் திருப்பிக் கொடு. அந்த விடை டிராப்ஃபிரேமின் ஏ0-இல் எழுதப்படுகிறது. வந்த வழியே ரெஜிஸ்டர்கள் மீட்கப்பட்டதும், கெட்பிட் திருப்பித் தந்த மதிப்பாக நம் புரோகிராம் பார்ப்பது அந்த ஏ0-ஐத்தான்.

படி 6: ஓடும்போதே நிறுத்திப் பார்ப்பது

ஒரு டெர்மினலில் சிபியூஎஸ்-ஐ 1 ஆக வைத்து மேக் கியூஎமு-ஜிடிபி, இன்னொன்றில் அதே ஃபோல்டரில் ஜிடிபி-மல்டிஆர்ச். முதல் தடவை ஜிடிபி அங்கிருக்கும் ஜிடிபிஇனிட் கோப்பை ஏற்றமாட்டேன் என்று எச்சரிக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் என்ன வரி சேர்க்க வேண்டும் என்பதும் அந்த எச்சரிக்கையிலேயே இருக்கும், அதைச் சேர்த்தால் சரி. சிஸ்_கெட்பிட்டில் பிரேக்பாயின்ட் வைத்து, கன்டினியூ கொடுத்து, யார் அடியுங்கள். நின்றதும் ‘பிடி’ (பேக்ட்ரேஸ், யார் யாரை அழைத்தார்கள் என்ற பட்டியல்) என்று கேட்டால் சிஸ்_கெட்பிட், சிஸ்கால், யூசர்டிராப் மூன்றும் அடுக்காக வரும். காகிதத்தில் பேனாவால் போட்ட அம்புக்குறிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த மாலைக்கு

இப்போது எத்தனை ப்ராசஸ்கள் இருக்கின்றன என்று சொல்லும் சிஸ்டம் கால் ஒன்றை நீங்களே சேருங்கள். ப்ராசஸ் அட்டவணையில் 64 இடம் இருக்கிறது, அன்யூஸ்டு அல்லாதவற்றை எண்ணினால் போதும். தொடவேண்டிய கோப்புகள் ஐந்து: யூசர்.ஹெச், யூசிஸ்.பிஎல், சிஸ்கால்.ஹெச், சிஸ்கால்.சி, சிஸ்ப்ராக்.சி. இறக்கிய கோடில் 21 வரை எண்கள் இருந்தால் உங்களுடையது 22. யூசிஸ்.பிஎல்-ஐ மறந்தால் லிங்கர் கத்தும். சிஸ்கால்.சி-யின் வரிசையில் சேர்க்க மறந்தால் கம்பைல் ஆகிவிடும், ஆனால் ஓடும்போது ‘அன்னோன் சிஸ் கால் 22’ என்று கெர்னல் அச்சிடும், அழைத்தவருக்கு -1 போகும்.