முன் ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றுகிறீர்களா?

முதலில் காரின் முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். சுருள் ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றியே அமர்ந்திருந்தால் அது ஸ்ட்ரட். ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அமுக்கிக் கட்டாமல் உச்சி நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் சீறிப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. கருவி இல்லையா? ஸ்பிரிங்கோடு பூட்டிய முழு ஸ்ட்ரட்டாகவே வாங்கிவிடுவது மேல்.

ஷாக் தனியாக இருந்தால் வேலை எளிது. ஆனாலும் ஜாக்கை மட்டும் நம்பாமல் வண்டிக்கு ஸ்டாண்டு வையுங்கள். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்முக்கும் முட்டுக் கொடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுகளில் முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டால், காலையில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உச்சி நட்டைத் திருகும்போது ஷாக்கின் தண்டும் கூடவே சுழலும். அதன் நுனியை ஸ்பேனரால் பிடியுங்கள். தண்டின் பளபளப்பான பகுதியை இடுக்கியால் கவ்வினால் கீறல் விழும். அந்தக் கீறல், எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்து அதைக் கசியவிடும்.

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை) உள்ள கீழ் போல்ட்டை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்ட்ரட் என்றால் வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) பார்த்தாக வேண்டும்.