ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குச் செல்லத் திட்டமிடுவது எப்படி?

அந்தமானுக்குச் செல்ல நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே ஏற்றவை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையிலான படகுப் போக்குவரத்து நின்றுவிடும். சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அடைந்து, அன்று மாலை செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக்குக்குப் புறப்படுங்கள்.

அங்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் ராதாநகர் கடற்கரை. காடு மணலின் விளிம்புவரை இறங்கி வந்து நிற்கும் அந்த மேற்குக் கரையில் சூரியன் மறைவதைக் காணவே பலரும் கூடுகிறார்கள். ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் இந்திய நேரப்படியே ஓடுவதால், குளிர்காலத்தில் 5 மணியையொட்டியே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே 3 மணிக்கே சென்றுவிடுவது நல்லது. பவளப்பாறைகளைக் காண எலிஃபன்ட் கடற்கரை போதும்.

நீல் தீவின் லட்சுமண்பூரில் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்தை, கடல் உள்வாங்கியிருக்கும்போது மட்டுமே நெருங்க முடியும் என்பதால், அந்நேரத்தை விடுதியில் முன்கூட்டியே கேட்டறியுங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நண்டுகளும் கடல் வெள்ளரிகளும் தென்படும்; பாசி வழுக்குமாதலால் பிடிமானமுள்ள செருப்பு அவசியம். சிப்பி, பவளம் எதையும் எடுத்துவராதீர்கள். படகு ரத்தாகக்கூடும் என்பதால், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவே போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள்.