பவர் பிஐ-யில் பகுதிப் பெயர்களை வட்டாரங்களாகத் தொகுப்பது எப்படி?

சென்னை முழுக்க டெலிவரி செய்யும் ஒரு கடையின் பில் பட்டியலை, மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப்பில் ஏற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'பகுதி' என்ற ஃபீல்டில் ராயபுரம், பெரம்பூர், போரூர், வேளச்சேரி என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். அதை அப்படியே பார் சார்ட்டில் போட்டால் யாராலும் படிக்க முடியாது. முதலாளி கேட்பதோ, வடக்கே எவ்வளவு விற்றது, தெற்கே எவ்வளவு விற்றது என்பதுதான்.

முதலில் பிரிவினையைத் தாளில் எழுதிவிடுங்கள். 2011 விரிவாக்கத்தில் சென்னை மாநகராட்சி 15 மண்டலங்கள், 200 வார்டுகள் என்று ஆனது. அதையே நீங்களும் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. போரூருக்கு வண்டி அம்பத்தூர் கிடங்கிலிருந்து கிளம்புகிறது என்றால், உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே வட்டாரத்தில் இருப்பதுதான் சரி.

இனி செய்முறை. டேட்டா பேனலில் 'பகுதி' மேல் ரைட் கிளிக் செய்து 'நியூ குரூப்' கொடுங்கள். திறக்கும் பெட்டியில் இடப்பக்கம் இன்னும் தொகுக்காத பெயர்கள் இருக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து 'குரூப்' பட்டனை அழுத்துங்கள். வலப்பக்கம் வந்து விழும் குழுவின் பெயரை டபுள் கிளிக் செய்து '1 வடக்கு' என்று மாற்றுங்கள். அந்த எண் எதற்கு? எண் இல்லாவிட்டால், பெயர்ப்படி வரிசைப்படுத்தும்போது அகரவரிசையில் தெற்கு, மத்தி, வடக்கு என்றுதான் வரும்.

தி.நகர், டி.நகர், தியாகராய நகர் என்று ஒரே இடம் பலவிதமாகப் பதிவாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே குழுவில் போடலாம். மூல டேட்டாவைத் தொடவே வேண்டாம்.

பெட்டியின் கீழே 'இன்க்ளூட் அதர் குரூப்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. பெரும்பாலான விளக்கங்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ரிப்போர்ட் தப்பாகப் போவதே இங்கேதான். டிக் செய்தால், எந்தக் குழுவிலும் சேராத பெயர்கள் எல்லாம் 'அதர்' என்று ஒன்றாகிவிடும். இன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் கடை கேளம்பாக்கத்துக்கும் டெலிவரி தொடங்குகிறது. ரிஃப்ரெஷ் செய்ததும் அந்தப் பெயர் சத்தமில்லாமல் 'அதர்'-க்குள் போய்விடும். எச்சரிக்கை எதுவும் வராது. மொத்தத் தொகை சரியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. தெற்கின் விற்பனை மட்டும் குறைவாகத் தெரியும். டிக் இல்லாவிட்டால் கேளம்பாக்கம் தனி பாராக வந்து நிற்கும். உடனே கவனித்து, 'எடிட் குரூப்ஸ்' போய்ச் சேர்த்துவிடலாம். எனவே மாதாமாதம் பெயர்கள் கூடும் ஃபீல்டுக்கு டிக் செய்யாதீர்கள். ரொக்கம், கார்டு, யுபிஐ போல அநேகமாக மாறாத பட்டியலுக்குச் செய்யலாம்.

ஓகே கொடுத்ததும் பழைய பெயருடன் 'குரூப்ஸ்' என்று சேர்ந்த புது ஃபீல்டு கிடைக்கும். அதைச் சார்ட்டில் இழுத்துப் போடுங்கள்.

பில் தொகை போன்ற எண் ஃபீல்டுக்கு இதே பெட்டி 'பின்' (bin) முறையைக் காட்டும், அதாவது எண்களை அளவு வாரியாகப் பிரிக்கும் முறை. அது சம அளவாகத்தான் வெட்டும். 0–500, 500–2000 என்று சமமில்லாத அளவுகள் வேண்டுமானால், டேட்டாவை ஏற்றும்போதே சீர்செய்யும் பகுதியான பவர் குவெரியில் 'கண்டிஷனல் காலம்' (நிபந்தனைப்படி நிரம்பும் பத்தி) போடுங்கள்.

ஒரு தடவை பார்க்கும் ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு போதும். தொடர்ந்து ஓடும் ரிப்போர்ட்டுக்கு நான் குரூப் வசதியைப் பயன்படுத்துவதில்லை. எக்செலில் 'பகுதி', 'வட்டாரம்' என்று ஒரு சிறு பட்டியல் வைத்து, பவர் குவெரியில் 'மெர்ஜ் குவெரிஸ்' மூலம் இணைத்துவிடுகிறேன். பவர் பிஐ தெரியாத பில் கவுன்ட்டர் ஊழியரும் அதில் ஒரு வரி சேர்க்க முடியும். அதுவே எனக்குப் பெரிய காரணம். இணைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் 'ட்ரிம்' கொடுத்து, முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்குங்கள். பட்டியலில் ஒரே பகுதி இரண்டு முறை இருக்கவே கூடாது. இருந்தால் அந்தப் பகுதியின் பில்கள் இரட்டித்து, விற்பனை கூடிவிடும்.

பிற்சேர்க்கை: பட்டியலில் கோடம்பாக்கம் இருந்தும் வட்டாரம் 'நல்' (null, அதாவது வெற்று) என்றே வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். தமிழில் தட்டச்சு செய்த டேட்டாவில் இது நடக்கும். யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பவர் குவெரிக்கு வேறு வேறு. பொருந்தாத பெயரைப் பில் டேட்டாவிலிருந்தே காப்பி செய்து, பட்டியலில் இன்னொரு வரியாக ஒட்டி, பக்கத்தில் வட்டாரத்தை எழுதுங்கள். ரிஃப்ரெஷ் செய்ததும் அந்த 'நல்' போய்விடும்.