அல்கொன்குவினில் மூஸ் பார்க்க வேண்டுமா? இலை சிவக்கும்வரை காத்திருக்காதீர்கள்

ரொறன்ரோவிலிருந்து அல்கொன்குவின் பூங்காவுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். நம்மவர்கள் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசியில், மேப்பிள் இலை சிவக்கும்போது போகிறார்கள். அப்படியே ஒரு மூஸையும் (மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு) பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறார்கள். அந்த நாட்களில் வீதி நிறைய வாகனம் இருக்கும், மூஸ் காட்டுக்குள் இருக்கும். அது அவற்றின் இணைசேரும் காலமும் கூட. ஆண் மூஸ் எதற்கும் சீறி வரும் வாரங்கள். மூஸ்தான் நோக்கம் என்றால் மே நடுவிலிருந்து யூன் நடுவரை போங்கள்.

காரணம் உப்பு. குளிர்காலம் முழுக்க மூஸ் தின்பது குச்சியும் மொட்டும்தான், அவற்றில் சோடியம் மிகக் குறைவு. பனிக்காலத்தில் வீதியில் தூவிய உப்பு கரைந்து ஓரத்துப் பள்ளங்களின் சேற்றுநீரில் தங்கியிருக்கும். அதைக் குடிக்கத்தான் வீதிக்கு வருகிறது. கோடையில் நீர்த்தாவரங்கள் வளர்ந்ததும் சோடியம் ஏரியிலேயே கிடைத்துவிடும். அப்புறம் கனூவில் (துடுப்புப் படகில்) போனால்தான் நல்ல வாய்ப்பு.

1. எங்கே, எத்தனை மணிக்கு

ஹைவே 60 பூங்காவுக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. மேற்கு வாசலிலிருந்து கிலோமீற்றர் பலகைகள் இருப்பதால் எல்லோரும் இடத்தை அந்த எண்ணால்தான் சொல்வார்கள். பகல் அனுமதியை முன்கூட்டியே ஒன்லைனில் எடுத்துவிட்டு, விடியும் நேரத்தில் உள்ளே இருங்கள். 46ஆவது கிலோமீற்றரில் திரும்பும் ஒப்பியொங்கோ ஏரி வீதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கம் சதுப்பு விரிந்து கிடக்கும், வாகனமும் குறைவு. நடக்க விரும்பினால் 15ஆவது கிலோமீற்றரில் மிஸ்ஸி ஏரிப் பாதை: ஏறக்குறைய 11 கிலோமீற்றர், முழுநாள் வேலை. 43ஆவது கிலோமீற்றரில் பார்வையாளர் நிலையம் இருக்கிறது. அன்று எங்கே மூஸ் தென்பட்டது என்று அங்கே கேளுங்கள்.

2. பார்த்தது மூஸ்தானா?

உருவத்தைப் பார்த்தாலே சந்தேகம் வராது. தோள்மட்டமே கிட்டத்தட்ட இரண்டு மீற்றர், தோளின் மேல் திமில், தொங்கும் மூக்கு, தாடைக்குக் கீழே ஆடும் ஒரு தோல்மடிப்பு. வெள்ளைவால் மான் ஓடும்போது வாலைத் தூக்கிக் காட்டும். மூஸுக்கு வால் இருப்பதே தெரியாது. சேற்றில் தடம் கண்டால் அளந்து பாருங்கள். மானின் குளம்பு 7, 8 சென்ரிமீற்றர்; வளர்ந்த மூஸுடையது 12க்கு மேல்.

ஆணா பெண்ணா என்பதில்தான் மே மாதத்தில் பலர் குழம்புகிறார்கள். படங்களில் வரும் அகன்ற கொம்பு அப்போது இருக்காது. குளிர்காலத்தில் விழுந்த கொம்பு மீண்டும் முளைக்கத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். அதனால் பின்பக்கம் பாருங்கள்: பெண்ணுக்கு வாலின் கீழ் வெளிறிய ஒரு திட்டு இருக்கும்.

உடம்பில் முடி கொட்டி, சாம்பல் திட்டுகளோடு நிற்கும் மூஸைக் கண்டு பயப்படாதீர்கள். குளிர்கால உண்ணிக் கடிக்கு மரத்தில் உரசி உரசி முடி போயிருக்கிறது. பிழைத்தால் கோடையில் புது முடி வந்துவிடும்.

3. காரை நிறுத்துவது

வளைவிலும் மேட்டு உச்சியிலும் நிறுத்தவே வேண்டாம். நான்கு ரயரும் தார் வீதியை விட்டு இறங்கும்படி ஓரம் கட்டி, ஹசார்ட் லைற்றைப் போட்டு, காருக்குள்ளேயே இருங்கள். காரைக் கண்டு மூஸ் அதிகம் கவலைப்படாது; தன் பாட்டில் குடித்துக்கொண்டு நிற்கும். கதவைத் திறந்து ஆள் இறங்கியதும் எல்லாம் மாறிவிடும்.

4. தூரமும் காதுகளும்

எல்லாவற்றையும் விட இந்தப் பகுதிதான் முக்கியம். மூஸ் ஓடாமல் நிற்பதைப் பார்த்து, அது சாது என்று மக்கள் நெருங்கிப் போகிறார்கள். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு எதற்காக ஓடவேண்டும்? அது நின்று நிலைமையை எடைபோடும்.

கனடாவின் தேசியப் பூங்காக்களில் மூஸிடமிருந்து 30 மீற்றர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். எனக்கு அது போதாது. கையை நேராக நீட்டிப் பெருவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரலுக்குப் பின்னால் முழு மூஸும் மறைந்தால் தூரம் சரி.

பிறகு காதைப் பாருங்கள். தின்பதை நிறுத்தி உங்களையே பார்த்தால் அது முதல் அறிகுறி. அப்போதே மெல்லப் பின்வாங்குங்கள். காது பின்னோக்கிப் படிந்து, திமில் முடி சிலிர்த்து, தலை தாழ்ந்து, உதட்டை நக்கினால் பாயத் தயாராகிவிட்டது. பாய்ந்தால் ஓடலாம். கரடிக்கு ஓடக்கூடாது, மூஸுக்கு ஓடவேண்டும். ஆனால் நேராக ஓடி வெல்ல முடியாது, அது மணிக்கு 55 கிலோமீற்றர் ஓடும். பெரிய மரம், பாறை, கார், எது அருகில் இருக்கிறதோ அதன் பின்னால் போங்கள். விழுத்திவிட்டால் சுருண்டு, தலையைக் கைகளால் மூடி, அது விலகிப் போகும்வரை அசையாதீர்கள். எழுந்தால் திரும்ப மிதிக்கும்.

மேயில் தனியாக நிற்கும் பெண் மூஸைக் கண்டால் கன்று அருகில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செம்பழுப்பு நிறம், புள்ளி கிடையாது, புதருக்குள் படுத்திருந்தால் தெரியவே தெரியாது. தாய்க்கும் கன்றுக்கும் இடையில் போய்விடுவதை விட ஆபத்து வேறில்லை. அதே நாட்களில் சின்ன மூஸ் ஒன்று வீதியோரம் திக்குத்தெரியாமல் திரிவதையும் காணலாம். புதுக்கன்று வரும் நேரம் தாய் விரட்டிவிட்ட போன வருடத்துக் கன்று அது. அனாதை என்று இரங்கிக் கிட்டப் போகாதீர்கள்.

5. என்ன கொண்டுபோவது

8x42 பைனாகுலர், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர் அகலம். 10 மடங்கு கையில் நடுங்கும். சட்டைப்பை அளவுச் சின்னது விடியல் வெளிச்சத்தில் இருட்டாகத் தெரியும். படத்துக்கு 300 மில்லிமீற்றர் லென்ஸாவது வேண்டும். கைத்தொலைபேசியால் எடுக்க முயல்பவர்கள்தான் ஒவ்வோர் அடியாக நெருங்கிப் போகிறார்கள், அதனால் அதைக் காரிலேயே வையுங்கள் என்பேன். மே, யூனில் பிளாக் ஃப்ளை என்ற கடிக்கும் சின்னக் கருப்பு ஈயும் நுளம்பும் கடுமை. வெளிர்நிற முழுக்கைச் சட்டையும் தலைவலையும் கட்டாயம்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்.

நாயைக் கூட்டிப்போகலாமா? மூஸுக்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான். மூஸ் துரத்தினால் நாய் ஓடி வருவது உங்களிடம்தான். மிஸ்ஸி ஏரிப் பாதையில் நாய்க்கு அனுமதியே இல்லை.

இருட்டிய பின் திரும்பலாமா? முடிந்தால் வேண்டாம். மூஸின் கண்கள் ஹெட்லைற் வெளிச்சத்துக்கு மேலே இருப்பதால் மானின் கண்போல மின்னாமல் போகலாம். உடம்பும் கருமை. கார் அதன் காலில் மோதினால் முழு உடம்பும் கண்ணாடிமேல் வந்து விழும். ஓட்டியே ஆகவேண்டும் என்றால் 80 என்ற வேக எல்லைக்கும் கீழே போங்கள். ஒரு மூஸ் வீதியைக் கடந்துவிட்டால் உடனே கிளம்பாதீர்கள், பின்னால் கன்று வரலாம்.