பெப்டைடா, எக்ஸோசோமா? முகத்துக்குக் காசு செலவழிக்கும் முன்

தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரத்திலும் சரி, இந்தப் பக்கம் மார்த்தாண்டம், நாகர்கோவிலிலும் சரி, முகச் சுருக்கத்துக்கும் பருத் தழும்புக்கும் வழி கேட்டுப் போனால் பெப்டைடு, எக்ஸோசோம் என்ற இரண்டு பெயர்கள் காதில் விழும். எது நல்லது என்று கேட்பதற்கு முன் இரண்டும் ஒரே வகைப் பொருள் அல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெப்டைடு என்பது பெயர் உள்ள ஒரு மூலக்கூறு. எந்தக் கம்பெனி செய்தாலும் அதே மூலக்கூறுதான். எக்ஸோசோம் என்பது உயிரணுக்கள் விடும் நுண்பைகளின் கலவை. எந்த உயிரணுவிலிருந்து எடுத்தார்கள், எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறும். அதனால் பெப்டைடு வாங்கும்போது பெயரைக் கேளுங்கள். எக்ஸோசோம் என்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

பெப்டைடு: லேபிளைப் படிக்கும் விதம்

சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிதான் பெப்டைடு. முகச் சீரங்களில் மூன்று பெயர்களை அதிகம் பார்க்கலாம்.

பால்மிடாயில் பென்டாபெப்டைடு-4: தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் முன்வடிவத்தில் உள்ள ஒரு துண்டைப் போன்றது. அந்தத் துண்டைக் கண்டால் தோல் புதுக் கொலாஜன் செய்யத் தூண்டப்படும் என்பதே இதன் அடிப்படை. தோலுக்குள் இறங்க வசதியாக ஒரு கொழுப்பு வாலைச் சேர்த்திருக்கிறார்கள். 2005-இல் வெளியான ஆய்வில் 93 பெண்கள் முகத்தின் ஒரு பாதியில் இதையும் மறு பாதியில் வெறும் கிரீமையும் 12 வாரம் தடவினார்கள். மெல்லிய கோடுகள் குறைந்தன. மாற்றம் சிறியதுதான், ஆனால் உண்மையானது.

காப்பர் ட்ரைபெப்டைடு-1: 1973-இல் லோரன் பிக்கார்ட் மனித ரத்தப் பிளாஸ்மாவில் கண்ட பெப்டைடு, செம்போடு சேர்ந்தது. சீரம் நீல நிறமாக இருக்கும். வாங்கிய பிறகு நிறம் மாறினால் தடவ வேண்டாம்.

அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-8: ஊசி இல்லாத போடாக்ஸ் (தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் ஊசி மருந்து) என்று விற்பது இதைத்தான். இதன் மூலக்கூறு எடை 880 டால்டனுக்கு மேல் (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). 500 டால்டனைத் தாண்டினால் தோலைக் கடப்பது கடினம். தசை வரை போவது அதைவிடக் கடினம். போடாக்ஸ் பலனை எதிர்பார்த்து இதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

லேபிளில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவு குறையும் வரிசையில் எழுதுவார்கள். பினாக்ஸி எத்தனால் என்ற பதப்படுத்தியை 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. பெப்டைடின் பெயர் அதற்குப் பின்னால் வந்தால் ஏமாற்று என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மேலே சொன்ன ஆய்வில் இருந்ததே பத்து லட்சத்தில் 3 பங்கு, அதாவது 0.0003 சதவீதம். பெயரே சொல்லாமல் 'பெப்டைடு காம்ப்ளெக்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதல் வாரம் முன்கையின் உட்புறத்தில் காலையும் மாலையும் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லை என்றால் இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காயும் முன் மூன்று நான்கு துளி சீரம், அதன் மேல் மாய்ஸ்சரைசர். வைட்டமின் சி சீரமும் செம்புப் பெப்டைடும் ஒரே வேளையில் வேண்டாம். வைட்டமின் சி-யைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் பெய்கிறது, காற்றில் ஈரம் குறைவதே இல்லை. கெட்டியான கிரீம் வியர்வையோடு வழிந்து பருவைக் கிளப்பும், ஜெல் வகைதான் ஒத்துவரும். தேங்காய் எண்ணெய் தடவிய முகத்தில் சீரம் ஏறாது, சன்ஸ்கிரீனும் சீராகப் படியாது.

ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரம் வைத்துப் படம் எடுங்கள். 12 வாரம் முடியும் வரை வேறு எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது பலன் தந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

எக்ஸோசோம்: இங்கேதான் நிறையக் கேட்க வேண்டும்

உயிரணுக்கள் வெளியே விடும் நுண்பைகள் இவை. அளவு 30 முதல் 150 நானோமீட்டர். உள்ளே புரதம், கொழுப்பு, மைக்ரோ ஆர்என்ஏ இருக்கும். 1983-இல் கண்டறிந்தபோது உயிரணுவின் குப்பை என்றுதான் நினைத்தார்கள். செய்தி கடத்தும் வேலை தெரிந்தது பிறகு. அறிவியல் நிஜமானது, நம்பிக்கை தரக்கூடியது. கடைக்கு வரும் குப்பியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் எக்ஸோசோம் சிகிச்சை பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மனித உயிரணுவிலிருந்து எடுத்த பொருளை அழகுசாதனத்தில் சேர்க்கவே தடை. அதனால் ரோஜா போன்ற செடிகளிலிருந்து எடுத்த எக்ஸோசோமும் விற்பனையில் உண்டு. மனித ஸ்டெம் செல்லை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டிச் செடி எக்ஸோசோமை விற்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூலக்கூறோடு ஒப்பிட்டால் இவ்வளவு பெரிய பை முழுத் தோலைத் தானாகக் கடக்காது. அதனால் மைக்ரோநீட்லிங் செய்து, அதாவது நுண்ணூசிகளால் தோலில் குத்தி, அதன் மேல் ஊற்றுகிறார்கள். ஊசி குத்தினாலே தோல் கொலாஜன் செய்யும். அப்படியானால் முகம் மினுங்கியது ஊசியாலா, எக்ஸோசோமாலா? வெறும் மைக்ரோநீட்லிங்குக்கு என்ன விலை, எக்ஸோசோம் சேர்த்தால் என்ன விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்த வித்தியாசத்துக்குத்தான் நீங்கள் சான்று கேட்க வேண்டும். ஒரு பாதி முகத்தில் உப்புநீரும் மறு பாதியில் எக்ஸோசோமும் வைத்துச் செய்த ஆய்வு இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

தடவத் தயாரித்த சீரம் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஊசித் துளை வழியே உள்ளே போனால் கதை வேறு. மைக்ரோநீட்லிங்கோடு சீரம் தடவிய பெண்களுக்கு முகத்தில் கிரானுலோமா என்ற அழற்சிக் கட்டிகள் வந்தது 2014-இல் மருத்துவ இதழில் பதிவானது. ஆகவே:

குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். மூல உயிரணு, பேட்ச் எண், காலாவதித் தேதி, வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண் எல்லாம் தெரியும்படி படம் எடுங்கள். குளிரில் வைக்க வேண்டிய பொருளா, எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று விசாரியுங்கள். தூளாக வரும் எக்ஸோசோமைக் கரைத்த பின் மிச்சத்தை அடுத்த சிட்டிங்குக்கு எடுத்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஊசியில் ஏற்றிப் போடுகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் டெர்மா ரோலர் (ஊசிகள் பதித்த உருளை) வைத்து இதைச் செய்யவே கூடாது.

பழுத்த பரு, வாயோர அக்கி, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, கர்ப்பம், புற்றுநோய் வரலாறு இவற்றில் ஏதாவது இருந்தால் இது உங்களுக்கு இல்லை.

நம் மாநிறத் தோலில் குத்திய இடம் கருக்கலாம். அன்றைக்கு மஞ்சள், எண்ணெய், மேக்கப் எதுவும் வேண்டாம். மணமில்லாத மாய்ஸ்சரைசர் போதும். மறுநாள் முதல் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். ரப்பர் தோட்டத்து நிழலும் மழை மேகமும் புற ஊதாக் கதிரை முழுக்கத் தடுக்காது.

காசு அளவாகத்தான் இருக்கிறது என்றால் முதலில் சன்ஸ்கிரீன், பிறகு மருத்துவர் எழுதித் தரும் 0.025 சதவீத ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து), வாரம் இரண்டு மூன்று இரவு. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. வெயிலால் வரும் முதுமைக்கு ட்ரெட்டினாயினுக்கு உள்ள சான்று பெப்டைடுக்கும் எக்ஸோசோமுக்கும் இல்லை. மூன்றாவதாகப் பெப்டைடு. எக்ஸோசோம் கடைசி.

ஏற்கெனவே சிவப்பழகு கிரீம் தடவுகிறவர்கள் முதலில் அதைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கேரளத்தின் மலப்புறத்தில் பாதரசம் கலந்த கிரீமால் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடைகளில் சோதனை நடத்தியது. ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும்; படிப்படியாகத்தான் விட வேண்டும். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. எக்ஸோசோம் போட்டுச் சில வாரம் கழித்து முகத்தில் கட்டி தட்டுப்பட்டால், குப்பிப் படத்தோடு அங்கே போய்க் காட்டுங்கள்; அதுவரை அந்த இடத்தை அமுக்கவோ பிதுக்கவோ வேண்டாம்.